லாம்பர்ட் வீட்டு இரண்டாவது எட்வர்ட்

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் நான் வைத்த கால். இதில் உட்காருங்கள். லாம்பர்ட் துரை பங்களாவைப் பிரித்தபோது வந்தது, அசல் ஈட்டி மரம். நூறு வருஷம் துரைமார் கனத்தைத் தாங்கியிருக்கிறது, ஒரு வி.ஏ.ஓ.வைத் தாங்காதா?

என் ஆட்சேபணை மனுவை விசாரிக்கத்தான் வந்திருக்கிறீர்கள். தெரியும். “காலஞ்சென்ற கருப்பண்ணனுக்கு வாரிசு மகன் வீரமலை ஒருவன் மட்டுமே. கதிர்காமன் என்று சொல்லிக்கொள்பவர் அன்னாரின் மகன் அல்ல.” கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதினேன். ‘அன்னாரின்’ மட்டும் அவர் போட்டது. மற்றதெல்லாம் என் வாசகம்.

உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கையிலிருக்கும் காகிதத்தில் எல்லாம் கதிர்காமன் மகன் என்றுதான் இருக்கிறது. ரேஷன் கார்டில் இருக்கிறது, பள்ளிக்கூடச் சான்றில் இருக்கிறது, சிலோனிலிருந்து கொண்டுவந்த குடும்ப கார்டிலும் இருக்கிறது. இவ்வளவு காகிதம் ஒரு பக்கம், இந்தப் பழைய சாமான் கடைக்காரன் வாய் ஒரு பக்கமா என்று நினைக்கிறீர்கள். நினையுங்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குமேல் என்னைப் படிக்க வைத்தது ஏலக்காரனும் இடைத்தரகனும்தான். ஆனால் காகிதம் எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்று இந்தக் கூடலூர் பஜாரில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் நூற்று நாற்பது வருஷத்துப் பொய்யை இதே மேஜையில் வைத்துப் பிரித்துப் போட்டவன் நான். அதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு உங்கள் அறிக்கையை எழுதுங்கள். டீ சொல்லியிருக்கிறேன்.

போன தை மாதம். ஒரு வெள்ளைக்கார அம்மாள் கடைக்குள் வந்தாள். அறுபது வயது இருக்கும். நரைத்த தலை, மண் ஒட்டிய பூட்ஸ். ஒரு பழைய பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். நான் ஆளைப் பார்க்கவில்லை, டின்னைத்தான் பார்த்தேன். அந்தக் காலத்து டின்னுக்கு ஊட்டியில் நல்ல கிராக்கி. “ஹவ் மச்?” என்றேன்.

அவள் சொன்னாள், “இது என் அப்பா.”

இருபத்தெட்டு வருஷ வியாபாரத்தில் அப்பாவுக்கு விலை கேட்டது அதுதான் முதல் தடவை.

பேர் ரோசலிண்ட் லாம்பர்ட். ஆஸ்திரேலியாக்காரி. அப்பா பிறந்தது இங்கே, லாம்பர்ட் தோட்டத்துப் பங்களாவில். பதினேழு வயதில் கப்பல் ஏறினவர். மகளுக்குக் கொஞ்சம் தமிழ் சொல்லிக் கொடுத்திருந்தார். என்ன தமிழ்? ‘சீக்கிரம் வா’, ‘மழை வருது’, ‘கூடையை இறக்கு’. தோட்டத்துத் தமிழ். என் இங்கிலீஷ் விலை சொல்கிற இங்கிலீஷ். இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படியோ பேசினோம். நடுவில் மாட்டிக்கொண்டால் அவளைக் கூட்டிவந்த ஜீப்காரன் எடுத்துக் கொடுப்பான்.

அப்பா சாகும்போது ஒன்றுதான் கேட்டாராம். என் சாம்பலை மேட்டு சர்ச் கல்லறையில் லாம்பர்ட் வேலிக்குள் வை. மேட்டு சர்ச் பார்த்திருப்பீர்கள். பின்னால் கல்லறை, அதில் ஒரு மூலையில் இரும்புக் கம்பி வேலி. அந்தக் குடும்பத்துக்கென்று விட்ட இடம். ஆறு பேர் படுத்திருக்கிறார்கள், இன்னும் ஒருவருக்கு இடம் பாக்கி. இதற்காகக் கடல் தாண்டி வந்திருக்கிறாள். ஒன்பதாம் நாள் திரும்பும் விமானம்.

சர்ச் செயலாளர் சத்தியநாதன் சார். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. எந்தத் தப்புக்கு எந்த நிறம் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. கல்லறையை மூடி அறுபது வருஷம் ஆகிவிட்டது, வேலி போட்ட இடத்தில் மட்டும் நேர் வாரிசை அனுமதிக்கலாம், வாரிசு என்பதற்கு ஆதாரம் வேண்டும். இது சட்டம். பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். கல்லறையில் போய்க் கல்லைப் பார்த்தார். “முடியாதும்மா” என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனாவை மூடிவிட்டார்.

ஏன் முடியாது என்று கேளுங்கள்.

இந்தக் காட்டுக்கு முதலில் வந்தவன் தாமஸ் லாம்பர்ட். காப்பி போட்டான், பூச்சி தின்றது. தங்கம் கிடைக்கும் என்று குழி வெட்டினான், தண்ணீர்தான் வந்தது. கடைசியில் தேயிலை போட்டுத் தலையெடுத்தான். அவனுக்கு ஒரே மகன் எட்வர்ட். அந்த எட்வர்ட் ரோசலிண்டுக்குக் கொள்ளுத் தாத்தா. 1904இல் இதே சர்ச்சில் கல்யாணம் செய்தான், பதிவேட்டில் இருக்கிறது. சரிதானே? இப்போது வேலிக்குள் வாருங்கள். ஓரத்தில் ஒரு சின்னக் கல். ‘எட்வர்ட், தாமஸ் லாம்பர்ட்டின் மகன், இறப்பு 1881 ஆகஸ்ட், வயது மூன்று.’

மூன்று வயதில் செத்த பிள்ளைக்கு இருபத்தாறு வயதில் கல்யாணம். சர்ச்சில் அற்புதம் நடக்கும் என்று சொல்வார்கள். இந்த அளவுக்கு நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

சத்தியநாதன் சார் அவளிடம் சொன்னாராம், “செத்த பிள்ளைக்கு வம்சம் கிடையாதும்மா. உங்க கொள்ளுத் தாத்தா யாரோ. அந்தப் பேரை எடுத்துக்கிட்ட யாரோ.”

அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டிருக்கிறது. அறுபது வருஷம் லாம்பர்ட், லாம்பர்ட் என்று கையெழுத்துப் போட்டவளிடம் ‘யாரோ’ என்றால்? ஊரில் யாரோ, பங்களா சாமானெல்லாம் வீரமலை கடைக்குப் போயிற்று, அங்கே கேட்டுப் பார் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

என்னிடம் இருந்தது. ஒரு தகரப் பெட்டி, அதற்குள் தோல் அட்டை போட்ட பைபிள். முதல் பக்கத்தில் குடும்பத்தில் பிறந்தவர், செத்தவர் எல்லோரையும் தாமஸ் பெண்டாட்டி தன் கையால் எழுதி வைத்திருந்தாள். நான் பெரிய விலை ஒன்றை மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் எடுத்து வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன். அவள் விரலை வைத்துப் படித்தாள். எட்வர்ட் பிறந்தது 1878. எட்வர்ட் செத்தது 19 ஆகஸ்ட் 1881. அதற்குக் கீழே இரண்டு பெண்கள். மகன் என்று வேறு ஒருவனும் கிடையாது. கல் சொன்னதையே பைபிளும் சொல்லிவிட்டது.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். டின் மேலே தலையை வைத்து அழுதாள். விலை பேசுவதற்கு முன்னால் அழுதால் எனக்குப் பிடிக்காது மேடம். பேரமே கெட்டுப்போகும்.

அழுகையை நிறுத்தத்தான் பெட்டியிலிருந்த இன்னொரு நோட்டை எடுத்துப் போட்டேன். தோட்டத்து அரிசிப் புத்தகம். அந்தக் காலத்தில் லயத்தில், அதாவது கூலியாட்களின் வரிசை வீடுகளில், ஆளுக்கு இவ்வளவு, பிள்ளைக்கு இவ்வளவு என்று வாரா வாரம் அரிசி அளந்து கொடுத்துக் கணக்கு எழுதுவார்கள். அதில் பாதியை நான் கண்ணாடிச் சாமான் சுற்றக் கிழித்துவிட்டேன். மீதி இருந்தது. கட்டம் கட்டமாக இங்கிலீஷ் எழுத்து. எனக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. அவளுக்கு எழுத்துத் தெரியும், கட்டம் புரியவில்லை.

அப்போதுதான் கதிர்காமனுக்குப் போன் போட்டேன். ஆமாம், இதே கதிர்காமன்தான். தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரி. முப்பது வருஷமாக ஆள் பேர் எழுதுகிற புத்தகத்தோடு மாரடிக்கிறவன். அதோடு ஓசியில் வருவான். கூப்பிட்டால் எதற்கு என்று கேட்க மாட்டான், “இந்தா வந்துட்டேண்ணே” என்பான். சின்ன வயதிலிருந்தே அப்படி. நான் பஜாரில் பழைய இரும்பு பொறுக்கிய காலத்தில் மூட்டையைச் சுமந்தது அவன்தான். நான் நடப்பேன், அவன் சுமப்பான். மூளை ஒருவனுக்கு, முதுகு ஒருவனுக்கு.

வந்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து புத்தகத்தைத் தொட்டான், ஏதோ சாமி படம் மாதிரி. ஒரு மணி நேரம் புரட்டினான். எனக்குப் பொறுமை இல்லை.

“என்னடா, பரீட்சைக்கா படிக்கிறே?”

“அண்ணே, இந்த ஆகஸ்ட் மாசத்தைப் பாருங்க. லயம் முழுக்கக் காய்ச்சல். செத்த பேருக்கெல்லாம் கணக்கு எழுதின ரைட்டர் சிலுவை போட்டிருக்கான். பதினோரு சிலுவை. இங்க, செவந்தின்னு ஒரு பேரு. ஆள் ஒண்ணு, பிள்ளை ஒண்ணு. ஆண், வயசு மூணு. செப்டம்பர்லேர்ந்து பிள்ளைக்கு அரிசி இல்ல.”

“அதுவும் செத்திருக்கும். இதுக்கு ஒரு மணி நேரமா?”

“சிலுவை இல்லையேண்ணே. பக்கத்துல என்னமோ எழுதியிருக்கு. அம்மா, இது என்னன்னு பாருங்க.”

ரோசலிண்ட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். ‘பங்களாவுக்கு.’ அவ்வளவுதான் எழுதியிருந்தது.

அதே வரிசையில் கடைசிக் கட்டத்தைக் கதிர்காமன் காட்டினான். கம்பளி ஒன்று. தோட்டத்தில் எல்லோருக்கும் கம்பளி கொடுப்பது மார்கழியில். செப்டம்பரில் அந்தத் தோட்டத்திலேயே ஒரே ஒரு ஆளுக்குக் கம்பளி கொடுத்திருக்கிறார்கள். செவந்திக்கு.

“இது செத்த பேரு இல்லண்ணே,” என்றான். “ஆள் மாறின பேரு.”

படவாவுக்குத் தெரியாமல் இருக்குமா? அவனே அப்படி வந்தவன்தானே!

அங்கேதான் என் மனு வருகிறது மேடம், கவனமாகக் கேளுங்கள்.

1974. பதுளைப் பக்கம் ஒரு தோட்டம். சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் திரும்புவதாக எழுதிக்கொடுத்த குடும்பம் எங்களுடையது. கார்டில் நாலு பேர். அப்பா கருப்பண்ணன், அம்மா அங்கம்மா, பதினோரு வயதில் நான், ஆறு வயதில் தம்பி கதிர்காமன். கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவன். கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இரண்டு வாரம் இருக்கும்போது காய்ச்சல் வந்து தம்பி போய்விட்டான்.

சாவைப் பதிந்தால் கார்டு திருத்தத்துக்குக் கண்டியிலிருந்த இந்தியத் தூதரக ஆபீசுக்குப் போகும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ. வேலையை விட்டு எழுதிக்கொடுத்தாகிவிட்டது, லயத்தைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. அப்பா யாருக்கும் சொல்லாமல் ஒரு தேயிலைச் செடிக்கு அடியில் வைத்தார். கார்டில் நாலு தலை, கப்பலிலும் நாலு தலை எண்ண வேண்டும். லயத்தில் அடுத்த காம்பராவில், அடுத்த அறையில், ஒரு பையன் இருந்தான். தாய் தகப்பன் இல்லை, எந்த வீட்டில் சோறு வெந்தாலும் அங்கே உட்காருவான். அம்மா தம்பியின் சட்டையை எடுத்து அவனுக்கு மாட்டினாள். “கதிர்காமா” என்று கூப்பிட்டாள். வந்தான். அவ்வளவுதான் சடங்கு. ஒரு சட்டை.

கப்பலேறும் தலைமன்னாரில் அதிகாரி பேர் கேட்டபோது அப்பா வாயைத் திறப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான், “கதிர்காமன், கருப்பண்ணன் மகன்.” கப்பலில் அம்மா மடியை விட்டு இறங்கவில்லை. நான் என் தம்பியைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறேன், இவன் என் தம்பியின் சட்டையில் வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறான். அவனுடைய பழைய பேர் என்னமோ ஒன்று. எனக்கு மறந்துவிட்டது. அவனுக்கும் மறந்திருக்கும்.

ஆகவே துரை ஒரு கம்பளி கொடுத்து ஒரு பிள்ளையை வாங்கினான், எங்கள் அம்மா ஒரு சட்டை கொடுத்து வாங்கினாள். ஆனால் அது வேறு, இது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ரோசலிண்டிடம் நான்தான் சொன்னேன். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். துரை வம்சம் என்று வந்தவளிடம், உன் கொள்ளுத் தாத்தாவைப் பெற்றவள் லயத்துக் கூலிக்காரி என்று எப்படிச் சொல்வது? செத்த எட்வர்ட்டின் ஞானஸ்நானச் சான்றை வைத்துக்கொண்டு, தாமஸ் தன்னுடைய இன்னொரு பிள்ளையை லயத்திலிருந்து பங்களாவுக்கு எடுத்துக்கொண்டான். அதே பேர், அதே வயது, அதே சான்று. பெண்டாட்டிக்காரி மட்டும் கடைசிவரை பைபிளில் எழுதவில்லை. அவளுக்கு ஒரு எட்வர்ட்தான். இதையெல்லாம் விலை சொல்கிற இங்கிலீஷில் சொல்லி முடிக்க எனக்கு வியர்த்துவிட்டது.

அவள் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். “செவந்தி,” என்றாள். பிறகு தமிழில், “ஒரு கம்பளி?”

“துரை நல்லா பேரம் பேசியிருக்காரும்மா,” என்றேன். “நானா இருந்தா ரெண்டு கேட்டிருப்பேன்.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். கதிர்காமன்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தான். செவந்தியை எங்கே புதைத்தார்கள் என்று அவள் கேட்டாள். லயத்து ஆளுக்கு எங்கே அம்மா கல்? செடிக்கு அடியில்தான் என்று சொல்லிவிட்டுக் கதிர்காமன் வெளியே போய் நின்றுகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. நான் சர்ச்சுக்குச் சம்பந்தமே இல்லாதவன். போனவுடன் ஒருவர், “நீ எதுக்கு வந்தே வீரமலை? மணியை விலைக்குக் கேக்கவா?” என்றார். “அதை அடுத்த வாரம் கேக்கறேன், இன்னிக்கு வேற வேலை” என்று சொல்லிவிட்டு அரிசிப் புத்தகத்தை விரித்தேன்.

சத்தியநாதன் சார் எல்லாவற்றையும் பார்த்தார். மூன்று பேனாவையும் எடுத்து மேஜையில் அடுக்கினார்.

“அப்ப அந்த எட்வர்ட் பொய்யான எட்வர்ட்னு நீயே ஒத்துக்கறே.”

“பேருதான் சார் இரவல். பிள்ளை இரவல் இல்ல.”

“துரைக்குப் பிறந்தவன்னு என்ன ஆதாரம்? பங்களாவுக்குன்னுதானே போட்டிருக்கு. குசினி வேலைக்குப் போயிருக்கலாம்.”

“மூணு வயசுப் பிள்ளை குசினியில என்ன சார் பண்ணும்? ஆட்டுக்கால் சூப்பு வைக்குமா?”

கமிட்டியில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. “ஆதாரம், வீரமலை. ரத்தத்துக்கு ஆதாரம்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால்தான் நியாயம் வரும், அது என் ராசி. எழுந்து நின்றேன்.

“துரைக்குப் பிறக்கவே இல்லைன்னு வச்சுக்குவோம் சார். உங்க 1904 புத்தகத்தைத் திறங்க. மாப்பிள்ளைக்கு அப்பான்னு கையெழுத்துப் போட்டது யாரு? தாமஸ் லாம்பர்ட். 1911ஐத் திறங்க. தாமஸ் லாம்பர்ட்டை அடக்கம் பண்ணினது யாரு? மகன் எட்வர்ட்னு போட்டிருக்கா இல்லையா? அப்பன் பிள்ளைன்னு சொல்லிட்டான். பிள்ளை அப்பனை மண்ணுல வச்சுட்டான். முப்பது வருஷம் அந்தப் பேருக்கு ‘இருக்கேன்’னு பதில் சொன்னவன் அவன். இன்னிக்கு வந்து ரத்தத்தைக் காட்டு, எலும்பைக் காட்டுன்னு கேக்க நீங்க யாரு சார்? செத்த ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதை உயிரோட இருக்கிற நீங்க எப்படி மறுப்பீங்க?”

மேஜையைத் தட்டினேன். ஒரு பேனா உருண்டு கீழே விழுந்தது. சிவப்பு.

அவர் குனிந்து எடுத்தார். துடைத்தார். அப்புறம் மெதுவாக, “வேலிக்கு வெளியே ஓரமா வச்சுக்கலாம்” என்றார். ஆள் இறங்கிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேரத்தில் முதல் படி இறங்குகிறவன் கடைசிப் படி வரைக்கும் இறங்குவான்.

“வெளியேன்னா அது நாய்க்கு. வேலிக்குள்ளே.”

“சரி. கல் கிடையாது.”

“கல் இல்லாம எப்படி? ஒரு முழம்.”

“ஒரு சாண்.”

“ஒரு சாண்ல பேரு எழுதலாம், வருஷம் எங்க எழுதறது? ஒண்ணரைச் சாண்.”

ஒன்றரைச் சாணில் முடிந்தது. ஒரு நிபந்தனை போட்டார். நாளைக்கு இன்னொருவன் இதே மாதிரி வந்தால் என்ன சொல்வது, தீர்மானப் புத்தகத்தில் காரணத்தை எழுத வேண்டும், நீதானே வாதாடினாய், நீயே வாசகம் சொல். சொன்னேன். நகல் கேட்டு வாங்கி, இதோ பாருங்கள், கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில். எடுத்துத் தருகிறேன், படித்துப் பாருங்கள். ‘தந்தை ஒருவனைத் தன் மகன் என்று ஏற்று வளர்த்திருந்தால், அம்மகனும் பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடைசிக் கடனைச் செய்திருந்தால், அவன் எந்த வழியில் வந்திருந்தாலும் அவனே வாரிசு.’ கீழே சாட்சி, வீரமலை. பச்சைப் பேனா. அவர் பச்சையில் கையெழுத்து வாங்கினால் முழு மதிப்பெண் என்று அர்த்தமாம்.

என்ன மேடம், இரண்டு தடவை படிக்கிறீர்கள்? எழுத்து புரியவில்லையா?

சரி, கேளுங்கள். திங்கட்கிழமை காலையில் குழி வெட்டினோம். வெட்டியது கதிர்காமன். நான் மேற்பார்வை. ரோசலிண்ட் டின்னைத் தானே இறக்கி வைத்தாள். “சீக்கிரம் வா, மழை வருது” என்று தமிழில் ஏதோ சொன்னாள், அப்பா அவளுக்குச் சொல்லிக் கொடுத்த தமிழ் அவ்வளவுதானே. மண் போட்டாகிவிட்டது. கிளம்ப வேண்டியதுதானே? இவன் போய் அந்தச் சின்னக் கல்லுக்கு முன்னால், மூன்று வயது எட்வர்ட், அதற்கு முன்னால் ஒரு கற்பூரத்தை வைத்துக் கொளுத்துகிறான். சர்ச் கல்லறையில்! சத்தியநாதன் சார் வாயைத் திறந்தார், அப்புறம் என்ன நினைத்தாரோ, வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

அவள் கேட்டாள், எதற்கு என்று. இவன் சொன்னான், “எங்க வீட்லயும் இப்படி ஒரு சின்னவர் இருக்காருங்கம்மா. அவரு பேருதான் எனக்கு. வருஷத்துக்கு ஒரு நாள் சோறு வைப்பேன்.”

அவள் இவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான், வாதாடியவன் நான். எனக்கு ஒரு ‘தேங்க் யூ’. பைபிளைச் சும்மாவே கொடுத்தனுப்பினேன், அதற்கு இன்னொரு ‘தேங்க் யூ’.

அது உண்மைதான், அவன் படையல் வைப்பது. உலகத்திலேயே கதிர்காமனுக்குக் கதிர்காமன் சோறு படைப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான். இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் ஒரு புதுச் சட்டை. சின்னச் சட்டை, ஆறு வயது அளவு. வருஷா வருஷம் வாங்குவான். படைத்துவிட்டு அதை லயத்தில் யாராவது ஒரு பிள்ளைக்கு மாட்டிவிடுவான். இத்தனை வருஷமாக அளவு மாறவில்லை. ஜவுளிக்கடைக்காரன், ‘உங்க பையன் வளரவே மாட்டானா’ என்று கேட்டானாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ரோட்டோரம் அப்பா பேரில் நாற்பது சென்ட். ஒரு ரிசார்ட் பார்ட்டி கேட்கிறான். நான் ஒருவன் கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும். இவன், “அம்மா வச்ச செடிண்ணே, விக்க வேணாம்” என்கிறான். அம்மா வைத்த செடியாம். என் அம்மா வைத்த செடியைப் பற்றி எனக்குச் சொல்கிறான். அன்றைக்குத்தான் நான் மனு எழுதப் போனேன். பணத்துக்காக இல்லை மேடம், நியாயத்துக்காக.

என்ன கேட்டீர்கள்? அம்மாவைக் கடைசியில் யார் பார்த்துக்கொண்டது என்றா? பதினாலு மாதம் படுக்கையில் கிடந்தாள். அவன் வீட்டில்தான். அவன் பெண்டாட்டிக்கு வேறு வேலை இல்லை, பார்த்தாள். கொள்ளியா? அவன்தான் வைத்தான். எங்கள் வழக்கத்தில் தலைப்பிள்ளை அப்பாவுக்கு, கடைசிப் பிள்ளை அம்மாவுக்கு. நான் கோயம்புத்தூரில் ஒரு மில் ஏலத்தில் இருந்தேன், வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் எதற்குக் கேட்கிறீர்கள்? அந்தக் கண்ணாடிச் சட்டத்தை ஏன் திரும்பவும் பார்க்கிறீர்கள்? அது வெள்ளைக்காரன் விவகாரம். அது வேறு, இது வேறு. எப்படி வேறு என்றால்... வேறுதான். என்னிடம் வாங்கிய தீர்மானம் சர்ச்சுக்கு. எனக்கு இல்லை.

எழுதுங்கள். அசல் கதிர்காமன் சிலோனில் இறந்துவிட்டான், இப்போது இருப்பவன் அவன் இல்லை. நேரில் பார்த்த சாட்சி நான். எழுதுங்கள்.

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? தேதியா? இறந்த தேதி போடாமல் படிவம் நகராதா? சான்று எங்கே இருக்கும் மேடம், பதியவே இல்லையே. சரி, சான்று இல்லாவிட்டாலும் தேதி வேண்டும். எனக்குத் தெரிந்த தேதியைச் சொல்லட்டுமா... மழைக்காலம். அடை மழை. அப்பா குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாதம்... ஐப்பசியா, கார்த்திகையா? பதினோரு வயதுப் பையன் காலண்டரா பார்ப்பான்? அம்மாவுக்குத் தெரியும். அம்மா போய்விட்டாள்.

போகும்போது அம்மா அதை ஒருவனிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். சோறு வைக்கிறவனிடம். அந்தச் சோற்றுக்கு நான் ஒரு வருஷமும் போனதில்லை.

ஆமாம், அவனுக்குத் தெரியும். நாள், நட்சத்திரம், நேரம், எல்லாம் தெரியும். போன் போட்டால் சொல்லிவிடுவான். எதற்கண்ணே என்றுகூடக் கேட்க மாட்டான். “இந்தா சொல்றேண்ணே, எழுதிக்குங்க” என்பான்.

அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நம்பர் எனக்கே மனப்பாடம், நீங்கள் தேட வேண்டாம். போனை இந்தப் பக்கம் நகர்த்தி வைக்கவும் வேண்டாம். டீயைக் குடியுங்கள், ஆறிவிட்டது. அந்தக் கட்டத்தை இன்றைக்குக் காலியாக விடுங்கள். நான் சொல்லி அனுப்புகிறேன். சொல்லி அனுப்பாவிட்டால், வராதீர்கள்.